"நெல்லை டூ அந்தமான், ஐந்து இரவு": தாளை வாங்கினால் கடிகாரத்தையும் பக்கத்தில் வையுங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு டிராவல்ஸ் அலுவலகம் அரையாண்டு லீவுக்கு அந்தமான் டூர் விற்றது. தலைக்கு 29,500 ரூபாய். "அண்ணாச்சி, எல்லாம் உள்ளயே அடக்கம், பெட்டியத் தூக்கிட்டு ஜங்ஷனுக்கு வந்தா போதும்" என்று பேச்சு. நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம் போய் வந்தது. அலுவலகம் கொடுத்த பயணத் திட்டத் தாளில் பத்து இடம் போட்டிருந்தது, பார்த்தது நான்கு. கேட்டால், "கடல் சரியில்லன்னா நாங்க என்ன செய்ய முடியும்?" அந்த வாரம் படகு ஒருநாள்கூட நிற்கவில்லை. கோளாறு முழுவதும் தாளில்தான். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். தாளை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

ஐந்து இரவு என்றார்களே, அதில் இரண்டு இரவு சென்னைக்குப் போக வர நெல்லை எக்ஸ்பிரஸ் ரயிலில் கழிகிறது. தீவில் படுப்பது மூன்றே இரவு. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் விமானத்துக்கே சரி. சுற்றிப் பார்க்க முழுதாகக் கிடைப்பது இரண்டு பகல்.

அடுத்தது பெயர் விளையாட்டு. ஹேவ்லாக் தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். நீல் தீவு ஷஹீத் தீவு ஆனது, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு ஆனது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். தாளில் ஹேவ்லாக்கை ஒரு வரியிலும் ஸ்வராஜ் தீவை இன்னொரு வரியிலும் போட்டு இரண்டு இடமாக எண்ணியிருந்தார்கள். ராஸுக்கும் அதே வேலை. இதைச் செய்தவர் நல்ல கணக்குப்பிள்ளைதான்!

பெரிய ஏமாற்று சூரியனை வைத்து நடக்கிறது. நம் கடிகாரம்தான் அங்கேயும், ஆனால் தீவுகள் நெல்லைக்கு ஏறக்குறைய 15 பாகை கிழக்கே இருக்கின்றன. ஆக பொழுது ஒரு மணி நேரம் முந்திப் போகும். டிசம்பர் கடைசியில் நமக்கு ஆறு மணி தாண்டி அடையும் பொழுது அங்கே ஐந்து மணிவாக்கில் அடைந்துவிடும். தாளில் இருந்தது இது: "மதியம் 2 மணி படகில் ஹேவ்லாக், மாலை ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்." தனியார் படகு வேகமானதுதான், ஆனாலும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பெட்டி எடுத்து, ரூம் போட்டு, படகுத்துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டியில் போய்ச் சேர்ந்தால் இருட்டு. ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று 2004-இல் டைம் இதழ் சொன்ன இடத்தை அந்தக் குடும்பம் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தது. காலை முதல் படகு கேளுங்கள். படகின் பெயர், புறப்படும் நேரம், வகுப்பு மூன்றும் எழுத்தில் வரட்டும். "இருப்பைப் பொறுத்து" என்று போட்டிருந்தால், டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் காலையில் நார்த் பே கடற்கரையில் ஸ்கூபா (காற்று உருளை மாட்டிக் கடலுக்குள் இறங்குவது), மதியம் விமானம் என்று இருந்தது. இதில் உயிரே போகலாம். ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். உடனே உயரத்துக்குப் போனால் அது குமிழாகி மூட்டிலும் மூளையிலும் அடைக்கும். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தாலும் 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ஒரு முழுநாள் விடுவது நல்லது. ஆஸ்துமா, சைனஸ், காது வலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். விற்கிறவர் இதையெல்லாம் கேட்க மாட்டார். (பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது நார்த் பே காட்சிதான். பார்க்க அந்த நோட்டும் போதும்.)

"வாட்டர் ஸ்போர்ட்ஸ் இலவசம்" என்றால், ஹேவ்லாக்கின் எலிபென்ட் பீச்சில் படகு டிக்கெட்டோடு சேர்த்துத் தரும் சில நிமிட ஸ்நார்க்லிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது). வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று, அவ்வளவுதான். கண்ணாடிப் படகு, கடலடி நடை, வீடியோ எல்லாம் தனிக் காசு.

சாப்பாட்டில் சி.பி. என்றால் காலைப் பலகாரம் மட்டும், எம்.ஏ.பி. என்றால் இன்னொரு வேளைச் சாப்பாடும், பெரும்பாலும் இரவில், உண்டு, ஏ.பி. என்றால் மூன்று வேளை. "சாப்பாட்டுடன்" என்று வாயால் சொல்லி, தாளில் சி.பி. என்று போட்டிருந்தார்கள். சூரை மீன், பாறை மீன், சிங்கி இறால் சுட்டுத் தரும் கடைகளில் விலை எடைக்குத்தான். பச்சையாக இருக்கும்போதே நிறுத்து, விலையைக் கேட்டுவிட்டு அடுப்பில் போடச் சொல்லுங்கள். ஸ்ரீ விஜயபுரம் அபர்டீன் பஜார் பக்கம் தமிழ் பேசியே சமாளிக்கலாம்.

பாராடங் தீவுக்குப் போகும் வழியில் "ஜாரவா பழங்குடி மக்களைக் காட்டுகிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அவர்களைப் படம் எடுப்பது குற்றம், வண்டியை நிறுத்தவே கூடாது. பவளத் துண்டைப் பையில் போட்டு வந்தால் விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள். வனவிலங்குச் சட்டம் அதற்கும் உண்டு.

சென்னையில் இன்னொரு கண்ணி. ரயில் டிக்கெட் வேறு, விமான டிக்கெட் வேறு. ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் விமானக் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஒருநாள் முன்னதாகச் சென்னை போய்ச் சேருவதுதான் பத்திரம்.

முன்பணம் கொடுத்த கையோடு பி.என்.ஆர். எண்ணை வாங்கி, விமானக் கம்பெனி தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஹோட்டலுக்கு நேரே போன் செய்து உங்கள் பெயரில் ரூம் இருக்கிறதா என்று கேளுங்கள். தனி ஆள் பெயரில் வரும் க்யூ.ஆர். கோடுக்குப் பணம் அனுப்பாமல், ஜி.எஸ்.டி. எண் உள்ள ரசீது கேளுங்கள். பணம் வாங்கிவிட்டு ஆளே மறைந்துவிட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். சேவைக் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அந்தத் தாளையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் அதுவரை அழிக்காதீர்கள்.