பெட்டியில் ஏழு, இலவசமாக ஒன்று: நோய் எதிர்ப்புத் தொகுப்பு ஒன்றின் மதிப்பீடு

என் இருக்கை வரிசையில் அமர்ந்திருக்கும் ஐந்து பேரில் மூவர் ஒரே வாரத்தில் இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் படுத்துவிட, நானும் பலரைப்போல் இணையத்தில் தேடத் தொடங்கி, அன்றிரவே ‘இயற்கை முறையில் நோய் எதிர்ப்பு’ என்ற அறிவிப்போடு விற்கப்படும் முப்பது நாள் தொகுப்பு ஒன்றை வாங்கிவிட்டேன். விற்ற நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஏறத்தாழ இதே பொருள்களை இதே வாசகங்களோடு விற்பவர்கள் பலர் இருப்பதால், நான் பார்த்ததைச் சொன்னால் உங்கள் வீட்டிலிருக்கும் பெட்டியையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கத் தோன்றலாம்.

பெட்டிக்குள் இருந்தவை ஏழு: மல்டிவைட்டமின் மாத்திரை, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வைட்டமின் சி மாத்திரை, வாயில் வைத்துச் சப்ப வேண்டிய ஜிங்க் மாத்திரை, வைட்டமின் டி, எல்டர்பெர்ரி என்ற கருநிறப் பழத்தின் சிரப், குடலுக்கு நல்லவை எனப்படும் பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக் கேப்ஸ்யூல், மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல். இவை தவிர ஒரு வழிகாட்டிக் கையேடும், ‘அன்பளிப்பு’ என்று ஒட்டப்பட்ட சிறிய உப்புநீர் மூக்கு ஸ்பிரே ஒன்றும் இருந்தன. பொருள்கள் உடையாமல், காலாவதித் தேதி தெளிவாகத் தெரியும்படி வந்து சேர்ந்தன. பொதி கட்டிய விதத்தில் எனக்குக் குறையில்லை.

குறை மூடியிலேயே தொடங்குகிறது. ‘உங்கள் எதிர்ப்பு சக்தியை மூன்று மடங்காக்குங்கள்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் என்பது திருகினால் கூடும் விளக்குத் திரி அல்ல. காய்ச்சல், உடல்வலி, மூக்கொழுகல் என்று நாம் நோயின் பெயரில் திட்டுபவற்றில் பெரும்பகுதி வைரஸை எதிர்த்து நம் உடலே செய்யும் வேலைதான். அந்த வேலை அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைத் தன் உடல் திசுக்களையே தாக்கும் மூட்டுவாத நோயாளிகளும், கோவிட் காலத்தில் அழற்சி கட்டுமீறியதால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களும் அறிவார்கள். ஊட்டச்சத்துப் பற்றாக்குறை இருந்தால் அந்த மண்டலம் தளரும் என்பது உண்மை. பற்றாக்குறையை நிரப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதும் உண்மை. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் மூன்று குடமாகும் என்பதுதான் மூடி சொல்லும் செய்தி.

இனி ஜிங்க். இந்தத் தொகுப்பில் நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான், அதுவும் சப்புவதில் அல்ல, கூட்டிப் பார்ப்பதில். மல்டிவைட்டமினில் 15 மில்லிகிராம் ஜிங்க் இருக்கிறது. வைட்டமின் சி மாத்திரையின் லேபிளைத் திருப்பினால் அங்கேயும் 10 மில்லிகிராம். சப்பும் மாத்திரை ஒவ்வொன்றிலும் 13 மில்லிகிராம். அதை ‘தற்காப்புக்காக’ நாள்தோறும் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொல்கிறது கையேடு. 15, 10, 26 என்று கூட்டினால் 51. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது பெண்களுக்கு 8, ஆண்களுக்கு 11 மில்லிகிராம். தொடர்ந்து எடுத்துக்கொள்வதற்கான மேல்வரம்பு 40. அதாவது, விற்பவர் சொன்னதைச் சொன்னபடி கேட்கும் நல்ல வாடிக்கையாளர், உணவிலிருந்து வரும் ஜிங்க்கைக் கணக்கில் சேர்க்காமலேயே, மாதம் முழுவதும் வரம்பைத் தாண்டி நிற்கிறார். ஒரு மாதத்தில் பெரிய கேடு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதே தொகுப்பை மாதாமாதம் தானாக அனுப்பும் சந்தாவையும் விற்கிறார்கள். பல மாதங்கள் அளவு மீறிய ஜிங்க், குடலில் செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுத்து, ரத்தசோகையிலும் நரம்புப் பாதிப்பிலும் கொண்டுபோய் விடக்கூடும். டெட்ராசைக்ளின், குயினோலோன் வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளோடு சேர்த்து விழுங்கினால் ஜிங்க் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது என்பதால் இடைவெளி விட வேண்டும். அந்த எச்சரிக்கையும் கையேட்டில் எங்கும் இல்லை.

இத்தனைக்கும், தினமும் ஜிங்க் சாப்பிட்டால் சளி வராது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2024-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின் முடிவைச் சுருக்கினால், வராமல் தடுப்பதில் பயன் இல்லை அல்லது மிகக் குறைவு. வந்த பிறகு எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ இரண்டு நாள் குறையலாம், ஆனால் அந்தச் சான்றும் வலுவானதல்ல. ஆகவே ஜிங்க்குக்கு ஏதாவது ஒரு வாய்ப்புக் கொடுப்பதானால் அது அறிகுறி தொடங்கிய முதல் நாளில், சில நாள்களுக்கு மட்டும். பத்தொன்பதாம் நாள் மாலை எனக்குத் தொண்டை கரகரத்தபோது அந்த வாய்ப்பைக் கொடுத்தேன். வாயில் போட்ட முதல் அரை நிமிடம் எலுமிச்சைச் சுவை. பிறகு பழைய நாணயத்தை நாக்கின் கீழ் வைத்ததுபோல் ஓர் உலோகக் கசப்பு வந்து, இரண்டு மணி நேரம் எதைக் குடித்தாலும் அதுவே தெரிந்தது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் சப்பியதில் குமட்டலும் சேர்ந்துகொண்டது. சளி ஆறு நாளில் விட்டது. இல்லாவிட்டால் எட்டு நாள் ஆகியிருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒற்றை ஆளின் மூக்கை ஆய்வுக்கூடமாக எடுத்துக்கொள்ள முடியாது.

வைட்டமின் சி மாத்திரை பார்ப்பதற்கு அழகு. கண்ணாடித் தம்ளரில் போட்டவுடன் சுழன்று, ஆரஞ்சு நிறம் பரவி, நுரை விளிம்புவரை ஏறி அடங்குவதைப் பார்த்தாலே ஏதோ வேலை நடக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. ஒரு மாத்திரையில் 1,000 மில்லிகிராம். வளர்ந்த ஆணின் அன்றாடத் தேவையோ 90, பெண்ணுக்கு 75. ஒரே வேளையில் ஒரு கிராமுக்கு மேல் போனால் குடல் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சிக்கொள்கிறது. உடலுக்குள் சென்றதிலும் மிஞ்சுவது சிறுநீரோடு போய்விடுகிறது. இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்ற வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1970-இல் இந்த வைட்டமினுக்காக வாதாடத் தொடங்கியதிலிருந்து ஆய்வுகளுக்குக் குறைவில்லை. 11,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வில், தொடர்ந்து எடுத்துக்கொண்ட பொதுமக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளியின் காலம் பெரியவர்களுக்கு 8 சதவீதம் குறைந்தது. ஏழு நாள் சளியில் இது ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். மாரத்தான் ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்கள் போன்றவர்களிடம் மட்டும் சளி பிடிப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நான் மின்தூக்கியில் ஏறி அலுவலகம் போகிறவன். லேபிளில் சிறிய எழுத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: நுரைப்பதற்காகச் சேர்த்த சோடாவின் பயனாக ஒவ்வொரு மாத்திரையிலும் 280 மில்லிகிராம் சோடியம். நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆரஞ்சு நிறத்தில் மயங்காமல் இதைப் பார்ப்பது நல்லது.

வைட்டமின் டி-யின் கதை கொஞ்சம் சிக்கலானது. 25 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 11,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, சுவாசத் தொற்றுகளிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைப்பதாகவும், ரத்தத்தில் அளவு மிகக் குறைவாக இருந்தவர்களே அதிகம் பயன்பெற்றதாகவும் சொன்னது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் அந்த நம்பிக்கை தேய்ந்தது. பிரிட்டனில் கோவிட் காலத்தில் 6,200 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், குறைபாட்டைச் சோதித்து மாத்திரை கொடுத்தும் தொற்றில் வேறுபாடு தென்படவில்லை. பெட்டியில் இருந்தது 2,000 சர்வதேச அலகு (IU); மல்டிவைட்டமினில் இருக்கும் 400-ஐச் சேர்த்தாலும் 4,000 என்ற மேல்வரம்புக்குள்தான் நிற்கிறது. பகல் வெளிச்சம் படாமல் வேலை செய்கிறவர்களுக்கும், சோதனையில் குறைபாடு தெரிந்தவர்களுக்கும் எலும்புக்காகவாவது பயன்படும் என்பதால் இதை நான் எறியவில்லை.

எல்டர்பெர்ரி சிரப் இனிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். இன்ஃபுளுவென்சா உறுதியான 87 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில் அதனால் நோய்க்காலம் குறையவில்லை. ‘முழுக் குடும்பத்துக்கும்’ என்று புட்டியில் எழுதியிருக்கிறது. உள்ளே தேன் சேர்ந்திருப்பதால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது, பாட்டுலிசம் என்ற நஞ்சேற்றம் வரக்கூடும். இந்த ஒரு வாசகத்துக்காகவே அரை நட்சத்திரம் குறைக்கிறேன். புரோபயாட்டிக் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. முதல் நான்கு நாள் வயிறு உப்பியது, பிறகு சரியானது. மஞ்சள் கேப்ஸ்யூலை ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டேன். உணவில் சேரும் மஞ்சள் வேறு, அதிலிருந்து பிரித்தெடுத்த குர்குமினை மிளகுச் சாற்றோடு சேர்த்துப் பல மடங்கு உடலில் ஏறும்படி செய்வது வேறு. இரண்டாவது வகையை எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இயற்கை என்ற சொல் கல்லீரலுக்குத் தெரியாது.

அன்பளிப்பு என்று ஒட்டியிருந்த மூக்கு ஸ்பிரேயை முதல் வாரம் நான் தொடவே இல்லை. தொடும் முன், 2009-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஜிங்க் கலந்த மூக்கு மருந்துகளால் சிலர் முகர்திறனை இழந்ததாக எச்சரித்தது நினைவுக்கு வந்து, இதிலும் ஜிங்க்கைக் கலந்திருப்பார்களோ என்று பயந்தபடியே லேபிளைப் படித்தேன். இல்லை, வெறும் உப்புநீர். பெட்டியிலேயே மிகப் பெரிய ஆய்வின் துணை உள்ள பொருளும் இதுதான் என்பது பிறகே தெரிந்தது. 2024-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நோய்த்தொற்றால் சிக்கல் வரும் வாய்ப்புள்ள சுமார் 14,000 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் தொற்றின் முதல் அறிகுறி தெரிந்தவுடனோ, நோயுற்றவர் அருகில் இருந்துவிட்டு வந்தவுடனோ மூக்கில் ஸ்பிரே அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் சராசரியாக எட்டு நாளுக்குச் சற்று மேல் நோயுற்றிருக்க, உப்புநீர் அடித்தவர்கள் ஆறு நாளுக்குச் சற்று மேல் மட்டுமே நோயுற்றிருந்தார்கள்; ஆன்டிபயாட்டிக் வாங்கியதும் குறைந்தது. யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்ததால் முடிவைச் சற்று அடக்கியே படிக்க வேண்டும். என்றாலும், அரிப்பும் லேசான எரிச்சலும் தவிர எனக்கு வேறு தொல்லை தராத இந்தச் சிறு புட்டிக்குக் கையேடு ஒதுக்கியிருப்பது ஒரே வரி. எல்டர்பெர்ரிக்கு இரண்டு பக்கம்.

கையேட்டின் கடைசியில் முப்பது நாளுக்கான அட்டவணை ஒன்று இருக்கிறது. ஏழு புட்டிக்கும் ஏழு கட்டம். தூக்கத்துக்குக் கட்டம் இல்லை. 164 பேரின் உறக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, பிறகு மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டுப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு இருந்தது. இரவு பதினொன்றே முக்காலுக்கு, புரோபயாட்டிக் விழுங்கினேனா இல்லையா என்று யோசித்துக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் இதன் வேடிக்கை எனக்கு உறைத்தது. தடுப்பூசி என்ற சொல்லும் கையேட்டில் இல்லை. பரவிக்கொண்டிருக்கும் குறிப்பிட்ட வைரஸை நம் எதிர்ப்பு மண்டலம் முன்கூட்டியே அடையாளம் கண்டு பழகுவதற்கு இருக்கும் வழி அது. அந்தப் பயிற்சியும் உறக்கத்தைச் சார்ந்தது: நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டு இன்ஃபுளுவென்சா ஊசி போட்டுப் பார்த்த சிறிய ஆய்வொன்றில், பத்து நாள் கழித்து ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் வழக்கம்போல் தூங்கியவர்களின் அளவில் பாதிகூட இல்லை. நான் இருபத்தெட்டாம் நாள், சளி முற்றிலும் விட்ட பிறகு, அட்டவணையை மூடிவிட்டு ஊசி போட்டுக்கொண்டேன். முன்பே செய்திருக்க வேண்டியது.

தரத்துக்கும் பொதிக்கும் ஏற்ப ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தரலாம் என்றிருந்தேன். ஜிங்க் கணக்கை எழுதி, மூன்று பொருள்களையும் சேர்த்து எடுத்துக்கொள்வது சரிதானா என்று வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பியிருந்ததற்கு நான்காம் நாள் பதில் வந்தது: “ஒவ்வொரு தயாரிப்பும் தனித்தனியே அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது.” கூட்டல் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அதே மின்னஞ்சலின் அடியில், சந்தாவில் சேர்ந்தால் இரண்டாவது பெட்டிக்குத் தள்ளுபடி என்றிருந்தது. ஒன்றரை நட்சத்திரம். வைட்டமின் டி-யும் மூக்கு ஸ்பிரேயும் என் மேசையில் இருக்கின்றன, மற்றவை மருந்துக்கடையின் திரும்பப் பெறும் பெட்டிக்குப் போய்விட்டன.