பள்ளியை மூடுவதா, ஜன்னலைத் திறப்பதா?

குழந்தைகளுக்குக் காய்ச்சல் பரவுகிறது என்று 2022 செப்டம்பரில் ஒரு முறை, 2023 மார்ச்சில் மறுபடி ஒரு முறை, புதுச்சேரியில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை விடுமுறை விட்டார்கள். இரண்டாவது முறை மார்ச் 16 முதல் 26 வரை. எச்3என்2 ஃப்ளூ பற்றி நாடே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. எல்லையிலிருக்கும் முள்ளோடையைத் தாண்டிக் கடலூர் பக்கம் வந்தால், அதே நாட்களில் பள்ளிகள் வழக்கம்போல் நடந்தன. ஒரே பஸ்ஸில் போய்வருகிற இரண்டு ஊர்களில் இரண்டு முடிவுகள். எது சரி என்று கேட்பவர், வந்திருப்பது எந்த வைரஸ் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொள்வோம். பருவகால ஃப்ளூ வந்த ஒருவர் சராசரியாக 1.3 பேருக்குக் கொடுக்கிறார். 2020 தொடக்கத்தில் வந்த கொரோனா 2.5 முதல் 3 பேருக்குப் போனது. மாஸ்க், இடைவெளி, மூடல் எல்லாம் சேர்ந்து பரவலைப் பாதியாக்கின என்று வையுங்கள். ஃப்ளூ 0.65 ஆகிவிடும். ஒன்றுக்குக் கீழே போனதும் தானாக அணைந்துவிடும். கொரோனாவோ 1.25 முதல் 1.5 வரை நிற்கும், அதாவது வேகம் குறைந்தாலும் வளர்ந்துகொண்டே இருக்கும். 2020-21இல் உலகம் முழுக்க ஃப்ளூ கிட்டத்தட்டக் காணாமல் போனதற்கும், அதே கட்டுப்பாடுகளுக்கு நடுவே கொரோனா ஓடியதற்கும் இதுதான் முக்கியக் காரணம். ஃப்ளூ பி-யில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கேயும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதைத் தடுப்பூசியில் வைத்திருக்கத் தேவையில்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. "எல்லாம் பண்ணியும் கொரோனா வந்துச்சே" என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் எல்லா வைரஸும் ஃப்ளூ மாதிரி பணியவில்லை. கைக்குழந்தைகளுக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும் ஆர்எஸ்வி 2020இல் அடங்கியது. பிறகு ஆஸ்திரேலியாவில் அந்த ஆண்டுக் கடைசியிலும் அமெரிக்காவில் 2021 கோடையிலும், தன் பருவமே இல்லாத நேரத்தில் கிளம்பி வந்தது. ஒரு வருடம் அந்த வைரஸைப் பார்க்காத குழந்தைகள் சேர்ந்துபோனதன் விளைவு அது. சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோ வைரஸ் காணாமல் போகவே இல்லை. 2020 கடைசியில் ஹாங்காங்கில் தொடக்கப் பள்ளிகளைத் திறந்தபோது, பிள்ளைகள் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தும் சளி பரவியது.

பள்ளி மூடல்

ஃப்ளூவுக்கு இது நல்ல ஆயுதம்தான். வீட்டுக்கு வீடு ஃப்ளூவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அலை ஏறத் தொடங்கும்போதே மூட வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் படுத்த பிறகு மூடினால், இறங்கப் போகிற அலை இறங்குகிறது, பெயர் மூடலுக்குப் போகிறது. 2008 மார்ச்சில் ஹாங்காங் இரண்டு வாரம் மூடியது. பின்னால் ஆராய்ந்தபோது, பரவலில் பெரிய மாற்றம் தெரியவில்லை. உச்சம் முன்பே கடந்திருந்தது.

மூடிய பிறகு பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பள்ளி லீவு, டியூஷன் உண்டு என்றால் கூட்டம் இடம் மாறியது, அவ்வளவுதான். அம்மா வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளை பாட்டியிடம் போகும். வகுப்பறையில் இருந்த வைரஸை எழுபது வயதுக்காரர் மடியில் கொண்டுபோய் வைக்கிற ஏற்பாடு அது. 2020 மே முதல் வாரம் கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூறுக்கு மேல் தொற்று வந்தபோதும் ஊரடங்கு அமலில்தான் இருந்தது. திறந்திருந்த கோயம்பேடு மார்க்கெட் வழியாக, அங்கே வேலை செய்து ஊர் திரும்பியவர்களோடு அது வந்து சேர்ந்தது.

இதைவிட மலிவான வழி, காய்ச்சல் பிள்ளையை மட்டும் வீட்டில் வைப்பது. பாராசிட்டமால் கொடுக்காமலேயே காய்ச்சல் இறங்கி 24 மணி நேரம் ஆகட்டும், பிறகு அனுப்பலாம். காலையில் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால் மதியம் மறுபடி கொதிக்கும், அதற்குள் பெஞ்சுக்கே கொடுத்திருக்கும். நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கிற பள்ளிகள் மழைக்காலத்தில் அதை நிறுத்தி வைத்தால் நல்லது.

மாஸ்க்

துணி, சர்ஜிக்கல், என்-95 மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த பெரிய சோதனையில், சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த கொரோனா சுமார் 11 சதவீதம் குறைந்தது, 60 வயதைத் தாண்டியவர்களிடம் சுமார் 35 சதவீதம். துணி மாஸ்க் கொடுத்த ஊர்களில் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை. 11 என்ன பெரிய எண் என்று தோன்றலாம். அங்கே மாஸ்க் போட்டவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதத்துக்குத்தான் உயர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என்-95 நன்றாக வடிகட்டும், ஆனால் முகத்தில் ஒட்டினால்தான். போட்டபின் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வேகமாக மூச்சு விடுங்கள். கண்ணில் காற்று அடித்தால் மூக்குக் கம்பி சரியாக அழுந்தவில்லை. காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற வகை நன்றாக உட்காரும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். வால்வு வைத்தது போட்டவரைக் காக்கும், எதிரில் இருப்பவரை அவ்வளவாகக் காக்காது. துவைக்கவோ சானிடைசர் தெளிக்கவோ கூடாது. தூசியை இழுத்துப் பிடிக்கிற மின்னூட்டம் போய்விடும். நம் கடலோரப் புழுக்கத்தில் சர்ஜிக்கல் மாஸ்க் சீக்கிரமே வியர்வையில் நனைந்து துவண்டுவிடும். நனைந்ததை மாற்றுங்கள்.

மாஸ்க்கின் பெரிய ஓட்டை கல்யாணப் பந்தி. இலை முன்னால் யாரும் மாஸ்க் போட முடியாது. ஜன்னல் மூடிய ஏசி டைனிங் ஹாலில் இருநூறு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு சாப்பிடும்போது, காப்பாற்ற மிஞ்சுவது காற்று மட்டும்தான்.

காற்று

எங்கள் ஓட்டு இதற்குத்தான். வைரஸின் பெயரைக் கேட்காமல், காற்றில் மிதக்கிற எல்லாவற்றையும் வெளியேற்றுகிற ஒரே வழி இது. யாரும் எதையும் முகத்தில் மாட்ட வேண்டியதில்லை.

20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரமுள்ள டியூஷன் அறையை எடுத்துக்கொள்வோம். 4,000 கன அடி, சுமார் 113 கன மீட்டர். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 30 பேருக்கு மணிக்கு 1,080 கன மீட்டர், அதாவது அறைக் காற்று மணிக்கு ஒன்பதரை தடவை மாற வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும்போது இஞ்ச்சை மட்டும் பார்க்காமல், பெட்டியில் போட்டிருக்கும் காற்றளவைப் பாருங்கள். வலை, ஷட்டர் இதெல்லாம் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஒன்று போதாவிட்டால் இரண்டு வையுங்கள்.

பலரும் தவறுகிற இடம், ஃபேனை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டுவது. பக்கத்து ஜன்னல் காற்றையே உறிஞ்சி வெளியே தள்ளும், கடைசி பெஞ்சுக் காற்று அசையாது. ஃபேன் ஒரு சுவரில், திறப்பு எதிர்ச் சுவரில் இருக்க வேண்டும். சரியாக இழுக்கிறதா என்று ஊதுபத்தி கொளுத்தி அறையின் நடுவில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சீலிங் ஃபேன் காற்றைக் கலக்கும், மாற்றாது. ஸ்பிளிட் ஏசியும் உள்ளே இருக்கிற காற்றையே குளிர்வித்துத் திரும்பத் தரும். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் இருப்பது அறைக்குள் 800க்குக் கீழே நின்றால் நிம்மதி, 1,500ஐத் தாண்டினால் பாடத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கலாம்.

மணிக்கு 6 தடவை காற்று மாறும் அறையில் மிதப்பவற்றில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும், 12 தடவை மாறினால் 23 நிமிடம், 2 தடவை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு பேட்ச் முடிந்த கையோடு அடுத்த பேட்ச்சை உட்கார வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

நம் ஊரில் இதற்கு இரண்டு எதிரிகள், மழையும் கொசுவும். வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், அந்தப் பக்கத்து ஜன்னலும் எதிர்ச் சுவரில் ஒரு திறப்பும் போதும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும். எல்லாவற்றையும் சாத்தாமல் மேற்கு, தெற்கு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சாயங்காலம் டெங்குக்குப் பயந்து மூடுவது நியாயமான பயம். வலை அடித்த ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்ந்தால் இரண்டையும் சமாளிக்கலாம். வலையில் தூசி அடைந்தால் காற்று குறைந்துவிடும், மாதம் ஒரு தடவை துடைக்க வேண்டும்.

கை, நெற்றி, ஊசி

கை கழுவுவதால் மூச்சுத் தொற்றுகள் மொத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகின்றன. காற்று தடுக்காத இடத்தை இது தடுக்கிறது, குறிப்பாக ஆர்எஸ்வியும் ரைனோவும் கை வழியாக மூக்குக்குப் போவதை. ரைனோவுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 நொடியும் வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கும் முன் கழுவினாலே பாதி வேலை முடிந்தது.

நெற்றியில் வைக்கிற வெப்பமானித் துப்பாக்கியால் பெரிய பயன் இல்லை. கொரோனா அறிகுறிக்கு இரண்டு நாள் முன்பே பரவும், ஃப்ளூ ஒரு நாள் முன்பே. உச்சி வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றி வேறு கதை சொல்லும்.

ஃப்ளூ தடுப்பூசியை முதியவர்களும் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்பு சக்தி வர இரண்டு வாரம் ஆகும், தமிழ்நாட்டில் ஃப்ளூ ஏறுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. அதனால் செப்டம்பரில் போடுவது நல்லது.