நூறு நாள் வேலையா, கணக்கில் காசா: கடலோர ஊரில் எது யாருக்கு?

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே வயல், கிழக்கே மீனவர் தெரு. சாலையோரம் என் ஜெராக்ஸ் கடை. ஆதாரையும் பாஸ்புக்கையும் மஞ்சப்பைக்குள் சுருட்டிக்கொண்டு இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார்கள். கேள்வி ஒன்றுதான்: "தம்பி, பணம் ஏறிடுச்சா பாரு."

எந்தப் பணம் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டும். நூறு நாள் கூலியா, பி.எம். கிசானா, மீன்பிடித் தடைக்கால நிவாரணமா, சேமிப்பு நிவாரணமா? பாதிப் பேருக்குத் தெரியாது. "கவர்மெண்டு பணம்தான்" என்பார்கள்.

எதிர்த்த டீக்கடையில் இதற்கு இரண்டு கட்சி. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பதுதான் மரியாதை, சும்மா கொடுத்தால் சோம்பேறியாவான் என்பது ஒரு கட்சி. குளத்தை வெட்டுகிறேன் என்று நாளைக் கழிப்பதற்குப் பேசாமல் கணக்கில் போட்டுவிட்டுப் போகலாம் என்பது இன்னொன்று. இத்தனை வருஷம் பாஸ்புக் புரட்டியதில் எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. எந்த மாதம், யார் வீடு என்று சொன்னால்தான் எது மேல் என்று சொல்ல முடியும்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலையின் தினக்கூலி 336 ரூபாய். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அதற்கு மாநில அரசு ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பது 8,000. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் 5,000 என்பதை 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். நாளுக்கு வகுத்தால் 131 ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலையில் 24 நாள் மண் அள்ளினால் அதே தொகை வந்துவிடும். நிலம் உள்ள விவசாயிக்கு மத்திய அரசு போடும் பி.எம். கிசான் வருஷத்துக்கு 6,000, அதுவும் மூன்று தவணையாக. 18 நாள் கூலிக்குச் சமம்.

இப்படிப் பார்த்தால் மண்வெட்டிதான் ஜெயிக்கிறது. நூறு நாளும் முழுக் கூலியும் கிடைத்தால் 33,600. ஆனால் கிடைக்காது. நாடு முழுக்க ஒரு வீட்டுக்குச் சராசரியாக வருஷத்துக்கு ஐம்பது நாள் அளவில்தான் வேலை கிடைத்துவந்திருக்கிறது. கூலியும் அளவைப் பொறுத்தது. ஓவர்சீயர் டேப் பிடித்து, வெட்டிய மண் இவ்வளவுதான் என்று எழுதிவிட்டால் அன்றைக்கு 336 இல்லை. நூறு நாள் என்பது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. மாமியாரும் மருமகளும் ஒரே வேலை அட்டையில் இருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான்.

குளத்தங்கரையில்

இந்த வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குக் குளத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து வருகைப் பதிவு செல்போன் செயலியில். காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம். எங்கள் ஊர்க் குளத்துக்குள் சிக்னல் கிடையாது. பணித்தளப் பொறுப்பாளர், உள்ளூர்ப் பெண்தான், எல்லாரையும் கரைமேல் ஏற்றி வரிசையாக நிற்கவைத்து, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆலமரத்துக்கும் மதகுக்கும் நடுவே நடப்பார். "ஏறிடுச்சுக்கா, இறங்குங்க" என்று அவர் சொல்கிற வரைக்கும் மண்வெட்டியும் சட்டியும் சும்மா கிடக்கும். நின்ற நேரம் கூலிக் கணக்கில் வராது. வெட்டிய குழிதான் வரும்.

அங்கே நிற்பவர்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள். அறுபது தாண்டியவர்கள் நிறைய. நடவுக்குக் கூப்பிட்டால் குனிய முடியாத இடுப்பு, கடலோரத்தில் கருவாட்டுக்கூடை தூக்க முடியாத தோள். இவர்களில் பலருக்குப் பட்டா இல்லை, படகு இல்லை. பட்டாவோ படகோ கேட்கிற திட்டம் எதுவும் இவர்களைத் தேடி வராது. என் கணக்கில் இந்த வேலையின் பெரிய பலம் வெட்டிய குளம் அல்ல. சொத்துப் பத்திரம் கேட்காமல் அட்டை கொடுத்ததுதான்.

பலவீனம் பணம் வரும் வழியில் இருக்கிறது. வேலை முடிந்து 15 நாளுக்குள் கூலி வர வேண்டும் என்று 2005 வேலை உறுதிச் சட்டமே சொல்லியிருந்தது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. நாலாயிரம் கோடிக்கு மேல் பாக்கி என்று மார்ச்சில் போராட்டமே நடந்தது. அந்த மூன்று நாலு மாதம் என் கடைக்கு வந்தவர்களுக்கு நான் சொன்ன ஒரே பதில் "இன்னும் இல்லக்கா".

இன்னொரு கோளாறு சின்னது, ஆனால் அதிகம் பேரைச் சுற்றலில் விட்டது. 2024 ஜனவரியிலிருந்து கூலி ஆதார் வழியாகத்தான் போகிறது. கடைசியாக எந்த வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்தார்களோ அதற்குத்தான் பணம் போகும். ஒரு அக்கா குழுக் கடனுக்காகப் புதிதாக ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார், அதோடு ஆதாரும் இணைந்துவிட்டது. பழைய பாஸ்புக்கை ஆறு வாரம் பதிந்து பதிந்து பார்த்து, பணம் வரவில்லை என்று பணித்தளப் பொறுப்பாளரிடம் சண்டைக்கே போய்விட்டார். பணம் புதுக் கணக்கில் ஏறி, குழுக் கடன் தவணைக்கு அப்படியே பிடித்தும் ஆகியிருந்தது.

கிழக்குத் தெருவில்

நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்கு மட்டும். ராமேசுவரம் நகராட்சி, குளச்சல் நகராட்சி. அங்கே தடைக்காலத்தில் சும்மா இருக்கிற படகுத் தொழிலாளிக்கு இந்த அட்டையே இல்லை. நகர்ப்புற வேலைத் திட்டம் என்று மாநில அரசு 2021-22இல் 100 கோடியில் முன்னோட்டமாகத் தொடங்கியது. கடற்கரைப் பசிக்கு அது போதாது.

ஊராட்சியாக இருந்தாலும் ஆண்கள் குளத்துக்கு வருவதில்லை. தடை தொடங்கியதும் படகைக் கரையேற்றி, அடிப்பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, வலை பின்னுகிற வேலை கொஞ்ச நாள் ஓடும். அதன் பிறகு இளவட்டங்கள் கேரளாவுக்கு பஸ் ஏறுவார்கள். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-க்குத்தான் தொடங்குகிறது. அதுவரை அங்கே விசைப்படகில் பங்குக்கு ஏறலாம். 336 ரூபாய்க்காக அதை விட்டுவிட்டு மண் அள்ள எவன் வருவான்?

வடகிழக்குப் பருவமழையை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை, சீறும் கடல். மீனவர் வீட்டில் அடுப்பு மங்குகிற மாதம் அதுதான். அதே மாதத்தில் குளம் நிரம்பிக் கிடக்கும். மண் வேலை நடக்காது. அங்கே கணக்கில் போடும் காசை விட்டால் வேறு வழியில்லை. இதில் டீக்கடையின் இரண்டாவது கட்சிக்கு என் ஓட்டு.

மழைக்கால நெருக்கடிக்கென்றே இருப்பது சேமிப்பு நிவாரணம். மீனவர் தன் பங்காக 1,500 கட்டினால் மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து 4,500 ஆகத் திரும்பி வரும். தொகை சின்னதுதான். ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் இதைப் பற்றி மட்டும் உரிமையோடு கேட்பார்கள். "நான் கட்டுன பணம் எங்கே?" என்று குரல் உயரும். நிவாரணத்துக்கு வருகிறபோது அதே ஆளின் குரல் தாழ்ந்திருக்கும். இதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

தடைக்கால நிவாரணத்தின் குறை தேதி. ஏப்ரல் 15 அன்று நிற்கிற வருமானத்துக்கு, படகு மறுபடி கடலுக்குப் போகிற சமயத்தில் காசு வந்த வருஷங்கள் உண்டு. நடுவில் வட்டிக்காரர் வந்துவிடுகிறார். இன்னொரு குறை, மீனவர் குடும்பம் என்ற பதிவுக்குள் வராதவர்கள். துறைமுக ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிற பெண்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், வலைக்கு ஈயம் கோக்கிறவர்கள். படகு நின்றால் இவர்களுக்கும் வேலை நிற்கிறது. இதில் சிலரைத்தான் மே மாதத்தில் குளத்தங்கரையில் பார்க்கிறேன்.

மேற்கே, வயல் பக்கம்

பி.எம். கிசானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குச் செய்கிறவர்கள் ஏராளம். சேற்றில் இறங்குகிறவர் ஒருவர், சிட்டாவில் இருக்கிற பெயர் வேறொருவர். சிட்டாவில் பெயர் இருப்பவர் சென்னையில் இருந்தாலும் 2,000 ஏறும். 2020இல் விவசாயியே இல்லாதவர்கள் கணக்கில் இந்தப் பணம் ஏறி, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் நூறு கோடிக்கு மேல் முறைகேடு வெளிவந்ததும் நினைவிருக்கும். உழைப்பைக் கேட்காத திட்டம் காகிதத்தைத்தான் நம்பும். காகிதம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு அது நல்ல திட்டம்.

நூறு நாள் வேலைமீது நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கோபம் உண்டு: நடவுக்கு ஆள் வருவதில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக நிறைவேற்றிய சட்டம் இதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. நாள் 125 ஆகிறது. விவசாய வேலை மும்முரமாக இருக்கும் சமயத்தில் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம். செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். எங்கள் கடைமடையில் நடவும் அறுவடையும் நெருக்குகிற மாதங்களில் குளத்து வேலை ஏற்கெனவே சுணங்கித்தான் கிடக்கும். அதனால் நிறுத்தி வைப்பதைவிட 40 சதவீதம்தான் எனக்குக் கவலை. பாக்கி விழுந்தால் இனி யாரிடம் போய்க் கேட்பது என்பதிலேயே குழப்பம் வரும்.

ஊர் கூடி வேலை செய்வது எங்களுக்குப் புதிதில்லை. குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் போய் ஏரியைச் சீர்செய்த வழக்கம். 2017இல் அந்தப் பெயரையே தூசி தட்டி 100 கோடியில் அரசு தொடங்கியது. பலகையில் விவசாயிகள் சங்கத்தின் பெயர் இருந்தது. நான் பார்த்த இடங்களில் மண்ணை அள்ளியது பொக்லைன். குளம் ஆழமானது, சந்தேகமில்லை. கூலி மட்டும் டீசலாகப் போய்விட்டது.

மீனவருக்கும் பொருந்துகிற மண் வேலை உண்டா என்றால் உண்டு. பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு அழிந்த இடத்தில் தரை தாழ்ந்து, உள்ளே வந்த கடல்தண்ணீர் தேங்கி, வெயிலில் வற்றி உப்பேறிக் கிடந்தது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்குள்ள மக்களைக் கொண்டு மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. நடுவில் பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும், உப்பு தேங்காது. கன்று பிடித்துக்கொள்ளும். அலையாத்தி வந்தால் அதன் வேரடியில் இறாலும் நண்டும் வளரும். ஓதம் எப்போது ஏறும் என்று அறிந்தவன்தான் இந்த வாய்க்காலைச் சரியாக வெட்ட முடியும். பழைய நூறு நாள் சட்டத்தின் அட்டவணையில் கடலோரப் பசுமை வேலிக்கும் மீன் உலர்த்தும் களத்துக்கும்கூட இடம் இருந்தது. எங்கள் ஊர் வேலைப் பட்டியலில் மட்டும் வருஷா வருஷம் அதே குளம்.

மே மாதத்தில் இரண்டு பக்கமும் காலிதான். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்ட நாளாகும். கிழக்கே படகுகள் கரையில். அந்த மாதத்தில் மண் வேலை கூடுதலாக வேண்டும், தடைக்கால 8,000 ஏப்ரல் 15-க்கு முன்னாலேயே வர வேண்டும். மழைக்காலத்துக்கு வேலை வேண்டாம், காசு போதும்.

கிழக்குத் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். இவர் குளத்து வேலைக்கு. இரண்டு பாஸ்புக், ஒன்றுக்குப் பச்சை ரப்பர் பேண்ட், ஒன்றுக்குச் சிவப்பு. போன ஜூன் முதல் வாரம் இரண்டையும் மேசைமேல் வைத்தார். "சிவப்புல தடைக்காலப் பணம் வரணும். அது மொத்தமா வரும், பள்ளிக்கூடம் திறக்குது, அதுக்கு. பச்சையில மண்ணு காசு. அது கொஞ்சம் கொஞ்சமா வரும், அரிசி மளிகைக்கு. எது ஏறுனாலும் எனக்கு மட்டும் சொல்லு தம்பி, அவருக்குப் போன் போட்டுச் சொல்லிடாதே."

அன்றைக்குப் பச்சையில் 1,512 ஏறியிருந்தது. சிவப்பில் இன்னும் இல்லை.