சீகையை வெட்டுவதா, விடுவதா, ஓரத்தில் தடுப்பதா? சோலைப் புல்வெளிகளுக்கு முன்னுள்ள மூன்று வழிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்துக்கு மேல் சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நீரோடும் மடிப்புகளில் குட்டையான பசுமை மாறாச் சோலைக்காடு நிற்க, அதைச் சுற்றிய சரிவுகளும் முகடுகளும் புல்லாக இருக்கும். இந்தப் புல்வெளிகளைப் பயனற்ற தரிசு என்று கருதிய ஆங்கிலேய ஆட்சி, 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் என்னும் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நீலகிரிக்குக் கொண்டுவந்தது. விறகுக்காகத் தொடங்கிய நடவு, விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகவும் கூழ்மரத்துக்காகவும் பல மடங்கு பெருகியது. 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களின் ஆய்வு காட்டியுள்ளது. இன்று நிற்கும் சீகையை என்ன செய்வது என்பதில் மூன்று கருத்துகள் மோதுகின்றன.

புல்வெளி என்பது காடு அழிந்த பின் எஞ்சிய மிச்சம் என்றால், அதில் மரம் வளர்வது நல்லது என்றே ஆகிவிடும். அந்தக் கருத்து தவறு. நீலகிரியின் சதுப்பு மண் படிவுகளில் உள்ள கார்பன் ஐசோடோப்புகள் (புல்லும் மரமும் வெவ்வேறு விகிதத்தில் விட்டுச்செல்லும் கார்பன் வகைகள்), இங்கே புல் 20,000 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வந்திருப்பதைக் காட்டுகின்றன. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 என எண்ணப்பட்ட வரையாடு மேய்வது இந்தப் புல்லில்தான். நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை கூடு கட்டுவது புல் தூர்களுக்கு அடியில். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் திறந்த சரிவுதான் வேண்டும். இவற்றில் எதற்கும் சீகைத் தோப்பு மாற்றிடம் ஆகாது.

முதல் வழி, அனைத்தையும் வெட்டி அகற்றுவது. அந்நிய மரங்களை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் தொடர்ந்து வலியுறுத்தி வந்திருப்பதும், தமிழக அரசு 2022-இல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டதும் இவ்வழிக்கு வலு சேர்த்தன. வெட்டிய மரத்தை வாங்கக் காகித ஆலை இருப்பதால் செலவின் ஒரு பகுதியும் திரும்பி வருகிறது. சிக்கல் வெட்டிய பிறகு தொடங்குகிறது. சீகை விதையின் உறை கடினமானது. மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியது. மரக்கூரை திறந்து வெயில் தரையில் விழுந்ததும், ஒரு தோப்பு நின்ற இடத்தில் கால் வைக்க இடமின்றிக் கன்றுகள் முளைக்கும். மரத்தை இழுத்துச் சென்ற தடத்தில் மண் புரண்டிருந்தால் முளைப்பு இன்னும் கூடும்; செங்குத்துச் சரிவாக இருந்தால் முதல் பருவமழையிலேயே மேல்மண்ணும் போய்விடும். சீகை வேர் மண்ணில் தழைச்சத்தை (நைட்ரஜனை) சேர்த்து வைத்திருப்பதால், ஏழை மண்ணுக்குப் பழகிய நாட்டுப் புல்லைவிட ஸ்காட்ச் புரூம் என்னும் புதர், கிக்குயு புல் போன்ற வந்தேறிகளே முந்திக்கொள்கின்றன. இதே மரத்தோடு போராடும் தென்னாப்பிரிக்கா 1995 முதல் ஆயிரக்கணக்கான ஊர்மக்களைக் கூலிக்கு அமர்த்தி வெட்டி வருகிறது. விதையைத் தின்னும் வண்டுகளையும் அங்கே ஏவியிருக்கிறார்கள். அங்கும் வெட்டுவதைவிட மறுமுளைப்பைத் தொடர்ந்து அகற்றுவதே பெரிய வேலையாக இருக்கிறது.

இரண்டாவது வழி, எதையும் தொடாமல் விடுவது. இது சோம்பேறிகளின் வாதம் அல்ல. கொடைக்கானல் பகுதியில் பல ஆண்டுகள் நாற்றங்கால் நடத்திய வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையினர், முதிர்ந்த தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுவதைக் கண்டு, கண்மூடித்தனமாக வெட்டக் கூடாது என்று வாதிட்டனர். சோலை மரக்கன்றால் திறந்த புல்வெளியின் சனவரி உறைபனியைத் தாங்க முடியாது. சீகையின் கூரை அந்தப் பனியை மறிக்கிறது. சோலை ஒன்றை ஒட்டிய பழைய தோப்புக்குள் நுழைந்தால், உதிர்ந்த இறகிலைச் சருகுக்கு நடுவே நாவல் இனங்களின் பளபளக்கும் இலைகளை முழங்கால் உயரத்தில் காணலாம். பக்கத்துச் சோலையில் பழம் தின்ற காட்டுப்புறாக்களும் கொண்டைக்குருவிகளும் சிரிப்பான்களும் போட்ட விதைகள் அவை. ஆகவே இப்பறவைகளால் விழுங்க முடியாத பெரிய விதை உள்ள மரங்கள் அந்த அளவுக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. இங்கே திரும்பி வருவது சோலைதான், புல் அல்ல. புல்வெளியாக இருந்த முகட்டில் அரைகுறைச் சோலை ஒன்று எழுவதைக் காட்டின் வெற்றியாகக் கொண்டாடினால், நெட்டைக்காலியின் இழப்பு கணக்கில் ஏறாமலே போகும். விட்டுவைத்த தோப்பு ஒவ்வோராண்டும் அடுத்த சரிவுக்கு விதை அனுப்பிக்கொண்டும் இருக்கிறது.

மூன்றாவது வழியையே நான் முதலில் வைப்பேன்: எஞ்சியிருக்கும் நல்ல புல்வெளியின் ஓரத்தைக் காப்பது. நீலகிரியின் முக்கூர்த்தி, அப்பர் பவானி போன்ற இடங்களில் புல்வெளி இன்னும் பரந்து கிடக்கிறது. அதற்குள் ஆங்காங்கே தனிச் சீகைகள் புகுந்துகொண்டிருக்கின்றன. இவற்றை அகற்ற இயந்திரமும் லாரியும் வேண்டாம். மழைக்குப் பின் மண் நெகிழ்ந்திருக்கும் போது, கன்று சுண்டுவிரல் தடிமனைத் தாண்டும் முன், அடியைப் பற்றி நேராக இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். வேர் பிடுங்கிய குழியைக் காலால் அமுக்கி மூடிவிட்டால் சுற்றியுள்ள புல்லே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தனியாகப் புல் நட வேண்டியதில்லை. வெட்டவெளியாகிப் போன நிலத்திலோ நாட்டுப் புல்லைத் தூர் பிரித்து நாற்றங்காலில் வளர்த்து, ஒவ்வொன்றாக நட வேண்டும். ஒரு தோப்பை அழித்துப் புல்லாக்கும் உழைப்பில் அதைப் போலப் பல மடங்கு பரப்பின் ஓரத்தைக் காத்துவிடலாம். ஆனால் இந்த வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. நிதி கேட்டுப் போகிறவர்களுக்கு அது ஒரு இடைஞ்சல்தான்.

தீயைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நீலகிரியின் தோடர் பழங்குடியினர் தங்கள் எருமைகளின் மேய்ச்சலுக்காகப் புல்லுக்குத் தீ வைத்து வந்தனர். கேரளத்தின் இரவிகுளத்தில் வரையாட்டுக்குத் தளிர்ப்புல் கிடைப்பதற்காக, முதுவர் பழங்குடியினரின் துணையோடு பட்டை பட்டையாகக் கட்டுப்பாட்டுடன் எரித்திருக்கிறார்கள். சீகை விதை இல்லாத புல்வெளியில் இது பொருந்தும். விதை புதைந்த மண்ணில் வெப்பம் பட்டால் உறை வெடித்துக் கன்றுகள் கூட்டமாகக் கிளம்பும் என்பதால், அங்கே தீ வைப்பது சீகைக்கு விதைப்பு நடத்துவதற்குச் சமம். தீயை முற்றிலும் தடை செய்வதும் எங்கும் அனுமதிப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

தண்ணீர்க் கணக்கு தோட்டங்களுக்குப் பாதகமானது. நீலகிரி கிளன்மார்கனில் ஒத்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டு நடந்த நீண்ட ஆய்வில், புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டதால் நீர்வரத்து முதல் சுற்றில் சுமார் 16 சதவீதமும், வெட்டிய அடியிலிருந்து மரம் மறுபடி தளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. நீர் குறைந்தால் முதலில் வாடுவது புல்வெளி நடுவே உள்ள சதுப்பு. தோடர்கள் தங்கள் கோயில்களுக்கு வேயும் அரிய புல் அங்கேதான் வளர்கிறது. ஆகவே எங்கேனும் தோப்பை முழுதாக வெட்டியே தீர வேண்டுமென்றால், சதுப்புகளைச் சுற்றியும் ஓடைத் தலைகளிலும் தொடங்குவது நியாயம்.

இப்படிப் பார்த்தால் மூன்று வழிகளும் ஒரே நிலத்துக்கான போட்டியாளர்கள் அல்ல. நல்ல புல்வெளியின் ஓரத்தில் கன்று பிடுங்குவது உடனடி வேலை. சதுப்பைச் சுற்றிய தோப்புகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, வெட்டிய இடத்திலேயே புல் நட்டு முன்னேறுவது அடுத்தது. சோலையை ஒட்டி, அடியில் கன்று நிறைந்த முதிர்ந்த சீகையை விட்டுவிடலாம், அல்லது பட்டையை வளையமாக உரித்து மெல்லச் சாக விடலாம். அடியில் ஊசியிலைச் சருகு மட்டுமே குவிந்திருக்கும் பைன் தோப்புகளுக்கு இந்தச் சலுகை தேவையில்லை.

இந்த வரிசையைக் குலைப்பது ஒப்பந்தமுறை. எத்தனை டன் வெட்டினோம் என்பதற்குக் கூலி கொடுத்தால், ஒப்பந்தக்காரர் சாலையோரத்துத் தடித்த தோப்பைத்தான் தேடுவார். முகட்டில் நிற்கும் நான்கு கன்றுகளைத் தேடிப் போக அவருக்குக் காரணமில்லை. அதே பணத்தில் பாதியை நிறுத்தி வைத்து, மூன்றாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் அந்த நிலத்தில் நடந்து பார்த்து, கன்று முளைக்காத பரப்பை அளந்து கொடுப்பதாக எழுதினால் வேலை செய்யும் இடமே மாறிவிடும்.