விளையாட்டுப் பாடவேளை யாருக்கு? ஒரு வழக்கு, நான்கு வழிகள்

கொங்குப் பகுதியில் எந்த அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் அமர்ந்தாலும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் ஒரு வழக்கு காதில் விழும். கணித ஆசிரியை உடற்கல்விப் பாடவேளையைக் கேட்பார். உடற்கல்வி ஆசிரியர் முகம் சுருங்குவார். சக ஆசிரியர்களிடையே எழும் இத்தகைய உரசல்களைத் தீர்க்க வழக்கத்தில் உள்ள வழிகளை இந்த ஒரு வழக்கிலேயே உரசிப் பார்க்கலாம்.

முதலாவது பிடிவாதம். தேர்ச்சி விழுக்காடு என்ற சொல் தலைமை ஆசிரியர் முன் வைக்கப்பட்டவுடன் கணிதம் வென்றுவிடும். ஆனால் அடுத்த மாதம் அதே ஆசிரியைக்கு அவசர விடுப்பு தேவைப்பட்டு, வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும்போது, அந்த வெற்றியின் விலை தெரியவரும்.

இரண்டாவது விட்டுக்கொடுத்தல். "அதுக்கென்னங்க டீச்சர், எடுத்துக்கங்க" என்ற பதிலில் பெருந்தன்மை இருப்பதுபோல் தோன்றும். நம் பக்கத்து 'ங்க'வுக்குள் சம்மதமும் இருக்கலாம், கசப்பும் இருக்கலாம். கேட்பவருக்கு அது எளிதில் பிடிபடாது. பணியில் இளையவர் ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுப்பதைப் பண்பு என்று பாராட்டுவது எனக்கு ஏற்புடையதன்று.

மூன்றாவது பாதிக்குப் பாதி. நியாயமாகத் தெரியும் இந்த வழிதான் இவ்வழக்கில் மிக மோசமானது. நாற்பது நிமிடத்தை இரண்டாகப் பிரித்தால், மைதானத்துக்குப் போய்த் திரும்பிக் கைகால் கழுவுவதற்குள் பாதி கரைந்துவிடும். எஞ்சிய இருபது நிமிடத்தில் ஒரு கணக்குகூட முழுதாக முடியாது.

நான்காவது, இருவருக்கும் ஆதாயமான வழி. அமெரிக்கச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலட், 1925-இல் ஆற்றிய உரையொன்றில், அடக்குதல், சமரசம், ஒருங்கிணைத்தல் என மூன்று முறைகளைப் பிரித்துக் காட்டினார். இந்த ஒருங்கிணைத்தலே நான்காவது வழி. அதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டு இது: நூலக அறையில் ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார். ஃபாலட் மூடிவைக்க விரும்பினார். ஆளில்லாத பக்கத்து அறையின் சன்னலைத் திறந்ததும் இருவர் குறையும் தீர்ந்தது. ஒருவருக்குத் தேவைப்பட்டது காற்று. மற்றவர் தவிர்க்க விரும்பியது தம்மீது நேரே வீசும் வாடைக்காற்று. சன்னல் யாருக்குமே பொருட்டன்று.

யாருக்கு உண்மையில் என்ன தேவை என்ற கேள்வியை இங்கேயும் கேட்டால், கணித ஆசிரியைக்கு வேண்டியது முழு வகுப்பன்று, பின்தங்கிய எட்டுப் பிள்ளைகளுடன் சற்று நேரம் என்று தெரியவரலாம். கோபி, அந்தியூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் காலை நகரப் பேருந்தில் வந்து, வழிபாட்டுக் கூட்டம் தொடங்கும்வரை சும்மா நிற்பார்கள். ஆசிரியையும் அதே பேருந்தில் வருபவராக இருந்தால், அந்த நேரமே போதும். உடற்கல்வி ஆசிரியருக்கோ, குறுவட்டப் போட்டிக்கு அணியை அழைத்துச் செல்லும் நாளில் பள்ளியில் தம் பொறுப்பை ஏற்க ஒருவர் வேண்டும். அதை ஆசிரியை ஏற்கலாம். விளையாட்டுப் பாடவேளை பிள்ளைகளிடமே இருக்கும். இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது: ஆசிரியர்கள் இருவரும் மகிழ்ந்து கைகுலுக்கும் ஏற்பாடு, அங்கே இல்லாத பிள்ளையின் விளையாட்டைப் பறித்திருந்தால் அதை நல்ல தீர்வு என்று சொல்ல முடியாது.

பெற்றோர் உறவிலும் இதுவே. திருப்பூரில் பனியன் கம்பெனித் தாய் வேலைநாளில் பள்ளிக்கு வந்தால் கூலி போகும். வராவிட்டால் பொறுப்பில்லாதவர் என்ற பெயர் வரும். ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்குக் கம்பெனியின் தேநீர் இடைவேளையில் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

எனினும் எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பதும் சரியன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. "கொஞ்சம் அடிச்சாத்தானுங்க படிப்பான்" என்று பெற்றோரே சொன்னாலும் அங்கே நடுவழி கிடையாது. மறுபுறம், மதிய உணவு மேற்பார்வை போன்ற சிறு பணிகளுக்குச் சுழற்சிப் பட்டியலே போதும். அதற்கும் உட்கார்ந்து தேவைகளை ஆராய்ந்தால் உணவு ஆறிவிடும்.

நான்காவது வழிக்கும் ஒரு குறை உண்டு. அது குறிப்பிட்ட சூழலையே நம்பி நிற்கிறது. பேருந்தின் நேரம் மாறினாலோ, ஆசிரியை மாறுதலில் போனாலோ, ஏற்பாடு குலைந்து இருவரும் மீண்டும் முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும்.