கீவேர்ட் ரூலா, ஸ்கோரிங்கா? ஆபீஸ் மெயில் ஸ்பேமுக்கு எது சரிப்படும்

ஸ்பேம் ஜாஸ்தியானதும் எல்லாரும் முதல்ல கை வைக்கிறது கீவேர்ட் ரூல்லதான். சப்ஜெக்ட்ல "பேமென்ட்"னு இருந்தா ஜங்க்குக்கு தள்ளுன்னு நானும் எழுதினேன், ரெண்டே நாள்ல ஒரு கஸ்டமர் போன் பண்ணி பணம் போட்டு மெயிலும் அனுப்பிட்டேன், பதிலே காணோமேன்னு கத்துறார், போய் பாத்தா அவர் மெயில் ஜங்க்ல கெடக்கு. ஸ்பேமர் மட்டும் நடுவுல ஒரு எழுத்த மாத்தி ஜாலியா உள்ள வந்துட்டான்.

ஸ்கோரிங் அப்படி இல்ல. ஸ்பேம்அசாசின்ங்கிற ஸ்பேம் ஃபில்டர்ல ஒவ்வொரு சந்தேகத்துக்கும் மார்க், கூட்டி 5 வந்தா ஸ்பேம். அதே "பேமென்ட்" ரூலுக்கு 1.5 மட்டும் கொடுங்க, தனியா அதால ஒண்ணும் பண்ண முடியாது, பிளாக்லிஸ்ட்ல இருக்குற ஐபியும் மோசமான லிங்க்கும் சேந்தாதான் மாட்டும். ஆர்ஸ்பேம்டின்னு இன்னொரு ஃபில்டர்ல இது இன்னும் படிப்படியா இருக்கும், டீஃபால்ட்டா 4ல கிரேலிஸ்ட், 6ல மெயில் ஹெடர்ல ஸ்பேம்னு ஒரு குறிப்பு, 15ல ரிஜெக்ட். கிரேலிஸ்ட்னா அப்புறம் வான்னு திருப்பி அனுப்புறது, ஒழுங்கான சர்வர் திரும்ப வரும், ஸ்பேம் அனுப்புற பாட் நிறைய வராது. ஓடிபி மெயில் லேட்டாகும், திட்டு வாங்க ரெடியா இருங்க.

பேய்சியன், அதாவது நாம காட்டுற மெயில பாத்து ஸ்பேம் எதுன்னு பழகுற முறை, நல்லா கத்துக்கும், ஆனா ஸ்பேம்அசாசின்ல 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் ரெண்டும் காட்டுற வரைக்கும் வாயே தொறக்காது. நம்ம ஆளுங்க ஸ்பேம மட்டும் ஊட்டிட்டு வேலை செய்யலன்னு புலம்புவாங்க.

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு அனுப்புற டொமைன சரிபாக்குற செக் மூணு இருக்கு, அத ஸ்கோரிங்கோட போட்டிக்கு நிறுத்துறதே தப்பு. அது மெயில் இந்த டொமைன்லருந்துதான் வந்துச்சான்னு மட்டும் சொல்லும், யோக்கியனான்னு சொல்லாது, ஒரு எழுத்து மட்டும் வேற மாதிரி டொமைன் வாங்கினவனும் மூணுலயும் பாஸ் ஆவான். ஃபார்வர்ட் ஆன நல்ல மெயில் எஸ்பிஎஃப்ல பல நேரம் ஃபெயில் ஆகும். அதனால ஸ்கோர்ல ஒரு பங்கா மட்டும் வைங்க.

எல்லாத்தையும் விட மோசம் வைட்லிஸ்ட், அதாவது இவங்க மெயில ஸ்பேம்னு பாக்காம உள்ள விடுன்னு போடுற லிஸ்ட். வெண்டார் டொமைன அப்படியே போட்டு வைப்பாங்க, ஃப்ரம்ல யார் வேணா எந்த பேர வேணா எழுதலாமே! ஸ்பேம்அசாசின்ல ஃப்ரம் பேர மட்டும் பாக்குற வைட்லிஸ்ட்_ஃப்ரம் செட்டிங் வேணாம், எஸ்பிஎஃப்போ டிகேஐஎம்மோ பாஸ் ஆனா மட்டும் விடுற வைட்லிஸ்ட்_ஆத் போடுங்க.

ஸ்பேம்அசாசின்ல புது ரூல் எழுதினா முதல் வாரம் ஸ்கோர் 0.01 போட்டு, எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் ஹெடர்ல எந்தெந்த மெயில்ல அது தட்டுதுன்னு பாருங்க. 0 போட்டுடாதீங்க, ரூலே ஓடாது.