வடபழனி வாடகைக் கேமரா கடை: புதுமையாகக் கேட்கும் வாடிக்கையாளர் உள்ளவர்களுக்கு

சிறு வியாபாரிகளுக்கும் புதிய நிறுவனங்களுக்கும் விளம்பரப் படம், அறிமுகப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கேமரா ஒன்றும் லென்ஸ் இரண்டும்தான் சொந்தம். மற்றவை எல்லாம் வாடகை. ஏவி.எம்., பிரசாத் என்று ஸ்டுடியோக்கள் எழுந்த வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்தில் வாடகைக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் ஒரே ஒரு கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஆற்காடு சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆட்கள் அளவுக்கு மேல் வந்தால் திரும்பி வரும் லென்ஸைத் துடைத்து வைக்கக்கூட நேரம் இருக்காது என்கிறார். பிலிம் காலத்தில் கேமரா உதவியாளராக யூனிட்டுகளில் உழைத்தவர். அந்தச் சந்துக்குள் போய் யாரை விசாரித்தாலும் மாடிப்படியைக் காட்டுவார்கள்.

"அந்த ஓட்டல் விளம்பரம் மாதிரி வேண்டும்" என்று செல்போனை நீட்டுகிறவர்களுக்குப் படம் எடுக்க எந்தக் கடையில் வாடகைக்கு எடுத்தாலும் போதும். தாங்களே புதிதாக ஒன்றைச் செய்துவிட்டு, அதில் எது அழகு என்பதையும் தெரிந்து வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் வேறு ரகம். அவர்கள் கேட்பதற்கு முன்மாதிரி இருக்காது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அவர்களோடு செய்வதுதான். அப்படிப்பட்ட வேலை வந்தால் நேராக இந்த மாடிக்குப் போய்விடுவேன்.

மயிலாப்பூரில் பட்டுப் புடவை வடிவமைக்கும் அம்மா ஒருவர். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் வைத்து நெய்த மயில் கழுத்துப் புடவை. "நேரில் பார்க்கும்போது பச்சையும் நீலமும் மாறி மாறி ஓடுகிறதே, அது போட்டோவில் ஏன் செத்துப்போகிறது? எனக்கு அந்த ஓட்டம்தான் வேண்டும். கட்டிக்கொண்டு நடக்கப் பெண் வேண்டாம், துணி மட்டும் போதும்" என்றார். இதை அப்படியே கடையில் சொன்னேன். உரிமையாளர் புடவையைக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னலோரம் பிடித்து நெடுநேரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கையும், நீளமான கறுப்பு வெல்வெட் துணிகள் மூன்றையும் எடுத்து வைத்தார்.

"நாலு பக்கமும் வெளிச்சத்தைப் பரப்பினால் இரண்டு நூலும் ஒன்றாகக் கலந்துவிடும் தம்பி. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடியுங்கள், மற்ற பக்கங்களைக் கறுப்பால் மூடுங்கள், துணி அசையட்டும்" என்றார். ஜரிகையின் பளபளப்புக்குப் போலரைசர் ஃபில்டர் உதவுமா என்றும் கேட்டேன். கண்ணாடி, தண்ணீர் ஆகியவற்றில் தெறிக்கும் வெளிச்சத்தைத்தான் அது அடக்கும், உலோகத்தில் தெறிப்பதை அடக்காது, ஜரிகையில் இருப்பது உலோகம் என்று விளக்கினார். வாடகை வரக்கூடிய பொருளை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மீதியை அந்த அம்மா பார்த்துக்கொண்டார். கூடத்து ஊஞ்சலின் பலகையைக் கழற்றச் சொல்லி, சங்கிலிகளுக்கு நடுவே மூங்கில் கம்பைக் கட்டி, அதில் புடவையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பச்சை நீலமாகி, நீலம் பச்சையாகத் திரும்பியது. படத்தொகுப்பில் நிறத்தைத் தொடவே இல்லை.

தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவுக்குப் பக்கத்தில் இளம் பொறியாளர்கள் சிலர் வீட்டு மோட்டார் பம்புக்குப் புதிய இம்பெல்லர் ஒன்றை, அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை, வடிவமைத்திருந்தார்கள். அது சுழலும்போது உள்ளே தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை வரைகலை இல்லாமல் நிஜமாகவே காட்ட வேண்டும் என்றார்கள். நிமிடத்துக்கு 3000 சுற்றை நெருங்கும் பொருள் அது. நொடிக்கு 50 சுற்று. வழக்கமான ஷட்டரில் வெறும் புகைவட்டமாகத்தான் விழும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/4000 நொடிக்கு இறக்க வேண்டும். அதற்கு ஏராளமான வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சமும் துடிக்கக் கூடாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, வேகமாக எடுத்து மெதுவாக ஓட்டும் படத்தில் பட்டை பட்டையாக வந்து நிற்கும்.

இந்தக் கடையில் அந்தத் துடிப்பைச் சோதிப்பதற்கென்றே ஒரு மேசை விசிறி வைத்திருக்கிறார்கள். நாம் எடுத்துப்போகும் கேமராவை அதன் முன் வைத்து, ஒவ்வொரு விளக்கையும் போட்டு, ஓட்டிப் பார்த்த பிறகுதான் பொருள் வெளியே போகும். பேட்டரியில் எரியும் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் தேறின. "முழு வெளிச்சத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டுமானால் விளக்கைத் தள்ளி வையுங்கள், திருகிக் குறைக்காதீர்கள்" என்றும் சொல்லி அனுப்பினார். குறைக்கும்போது சில எல்.இ.டி. விளக்குகள் அணைந்து அணைந்து எரிவதால்தான் வெளிச்சம் மங்குகிறது. அந்தத் துடிப்பும் கேமராவில் விழும்.

பொறியாளர்களும் சும்மா இருக்கவில்லை. படப்பிடிப்புக்காகவே பம்பின் உறையை அக்ரிலிக்கில் செய்து வந்தார்கள். கண் தொடர்ந்து செல்வதற்காக ஓர் இதழுக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசினார்கள். தண்ணீரின் பாதை தெரிய ஊசி வழியாகக் காற்றுக் குமிழ்களை உள்ளே விட்டார்கள். என் பெயரில் வெளிவந்த படங்களில் நான் மிகவும் பெருமைப்படும் காட்சி அது. அதில் பாதி அவர்கள் மூளை, கால்வாசி அந்த மேசை விசிறி.

மேற்கு மாம்பலத்தில் வடாம் விற்கும் ஒருவர், படமே வேண்டாம், பொரியும் சத்தம் முதலில் வரட்டும் என்று கேட்டார். அதற்கு நீள மைக்கைத் தராமல் குட்டையான மைக்கைத் தந்தார்கள். டைல்ஸ் ஒட்டிய சமையலறையில் எதிரொலி நீள மைக்கைக் குழப்பிவிடும். ஜமுக்காளம் நான்கையும் சேர்த்துக் கொடுத்து, சுவர்களில் தொங்கவிடச் சொன்னார்கள்.

லென்ஸ் பராமரிப்பு மிக நேர்த்தி. சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். இங்கே ஈரம் அடக்கிய பெட்டிக்குள்தான் எல்லாம் இருக்கும். ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் பனி படியும் என்பதால், பையைத் திறக்காமல் சற்று நேரம் வெளியில் வைக்கும்படி புதியவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள்.

குறைகள் உண்டு. பழைய பேட்டரிகள் சிலவற்றை இன்னும் சுற்றுக்கு விடுகிறார்கள். பெசன்ட் நகரில் சூரிய உதயக் காட்சியின்போது, நிறைந்திருப்பதாகக் காட்டிய ஒன்று நடுவே நின்றுபோனது. அன்றைய வாடகையைத் திருப்பித் தந்தார்கள். போன வெளிச்சம் போனதுதான். அந்த வாடிக்கையாளர் மறுநாளும் விடியலில் எழுந்து வர வேண்டியிருந்தது, அது எனக்கு இன்னும் வருத்தம். பேட்டரி மட்டும் வேறு இடத்தில் எடுங்கள். லிஃப்ட் கிடையாது, கனமான பெட்டிகளைப் படியில்தான் இறக்க வேண்டும். ஜிஎஸ்டி பில் மாதக் கடைசியில்தான் வரும். டிரோனும் பெரிய சினிமா கேமராக்களும் இல்லை. வாடகை அக்கம்பக்கத்தைவிடச் சற்று அதிகம். புதிதாகப் போகிறவர்கள் ஆதார் நகலும் முன்பணமும் கொடுக்க வேண்டும்.

தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் கல்யாண வீடியோக்காரர்கள், கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலையும் இருட்டில் எடுக்கும் லென்ஸ்களையும் அள்ளிச் சென்றுவிடுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கேட்டது கிடைக்கும். போன் செய்து பொருட்களின் பட்டியலைப் படிக்காதீர்கள். வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள். தூக்கிச் செல்லக்கூடிய பொருள் என்றால் அதையே எடுத்துக்கொண்டு மாலை நாலு மணி வாக்கில் போங்கள். அப்போது கூட்டம் இருக்காது, மேசை விசிறியும் சும்மா இருக்கும்.